நிரந்தரம் என்று எழுதுங்கோ, டொக்டர்

மொன்றியல் குளிரைப் பற்றி எல்லோரும் குறை சொல்வார்கள். நோய் வந்த பிறகு நான் கண்ட இரண்டு குளிர்காலங்களிலும் எனக்கு இருந்த ஒரே குறை, கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் உறைந்து கிடக்கிற தண்ணீரில் ஒரு குவளைகூட நான் குடிக்கக் கூடாது என்பதுதான். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். தேநீர், கஞ்சி, மருந்து விழுங்கும் மிடறு எல்லாம் சேர்ந்து ஒரு சிறிய போத்தலுக்குள் அடங்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது என் அண்ணையின் மனைவி, மச்சாள், ஒரு ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து தருவார். அதைக் கடிக்காமல் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக் கரைப்பது ஒரு கலை. அதில் இப்போது என்னை வெல்ல ஆள் இல்லை.

இதை எழுதச் சொன்னவர் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒரு பெண். பூசை முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்தார். அவருக்கும் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறதாம். "என்ன நடக்குமெண்டு ஆரும் வாய் திறந்து சொல்லினமில்லை, ஜெசிந்தா" என்றார். உண்மைதான். எங்கள் ஆட்கள் வருத்தத்தைச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லாமல் இருந்தவள்தான். ஆகவே அவருக்காக எழுதுகிறேன்.

நான் மன்னார்ப் பெண். அகதியாக வந்து, மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் அண்ணையின் வீட்டில் ஒட்டிக்கொண்டவள். நகரின் வடக்கே ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் ஷேர்ட்டுக்குக் கொலர் தைத்தேன். நாள் முழுவதும் கொலர் மட்டும்தான். கையும் பொத்தானும் வேறு ஆட்களின் வேலை. சமாதான காலத்தில், சண்டை நின்று பாதை திறந்தபோது ஊருக்குப் போய்க் கலியாணம் செய்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது, இவருக்கு நாற்பத்தொன்று. இவர் பெயர் அன்ரன். மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது தொழில். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் சேர்ந்து இருந்தோம்.

அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை காலம் வாழலாம் என்று கேட்டால், என்னைக் கேளுங்கள். இவர் சாப்பிட முதல் சவர்க்காரத் தூள் போட்டு மூன்று தரம் கை கழுவுவார். அப்படியும் எஞ்சின் எண்ணெய் மணம் போகாது. முதல் வாரம் எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போது அண்ணை பெற்றோல் அடிக்கக் காரை நிறுத்தினால், குளிரென்றும் பார்க்காமல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவேன். "என்னடி, விறைக்குது, பூட்டு" என்று அண்ணை கத்துவான். எனக்கு அந்த மணம் வேண்டும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

திரும்பி வந்தவுடனேயே, ஸ்பொன்சர் பண்ணி இவரைக் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பித்திருக்கலாம். அண்ணை விடவில்லை. ஒரு வருடச் சம்பளத் துண்டு சேரட்டும், அப்போதுதான் கேள்வி இல்லாமல் போகும் என்றான். இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்களைப் பற்றி அண்ணையிடம் ஒரு வேதமே இருந்தது. அதன் முதல் கட்டளை: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. தன்னுடைய அகதி விசாரணையின்போது யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை அவன் எங்களுக்கெல்லாம் ஓதினான். ஒரு மேசையில் சொன்னது அடுத்த மேசைக்குப் போகும், கூடக் கதைத்தால் கூட மாட்டுவாய். நாங்கள் வந்த இடத்தில் அது உயிர் காத்த புத்தி. ஆகவே நான் தலையாட்டினேன்.

வந்து மூன்றாம் மாதம் காலையில் வாந்தி தொடங்கியது. மாதவிலக்கும் நின்றது. தொழிற்சாலையில் எங்களை மேய்க்கும் இத்தாலிக்காரி என் வயிற்றைத் தடவிக் கண்ணைச் சிமிட்டினாள். மச்சாள் ஒன்றும் கேட்காமல் எலுமிச்சங்காய் ஊறுகாயைப் பக்கத்தில் வைத்தார். எனக்கும் சந்தேகமே இல்லை. அடுத்த ஞாயிறு தொலைபேசியில் இவருக்குச் சொல்வதென்று வைத்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

உறுதிப்படுத்தத்தான் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இரத்த அழுத்தம் பார்த்த தாதியின் முகம் மாறியது. அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இரத்தம் எடுத்துவிட்டு, வயிற்றில் குளிரான களியைப் பூசி ஸ்கான் பார்த்தார்கள். நான் தலையைத் திருப்பித் திரையில் ஒரு சின்னத் துடிப்பைத் தேடினேன். ஸ்கான் செய்த பெண் கருவியை முதுகுப் பக்கமாகவே உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு டொக்டர் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். டொக்டர் கதிரையில் இருந்து கதைத்தால் விஷயம் பெரிது என்று அன்று படித்தேன். பிள்ளை இல்லை என்றார். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார். எனக்கு முதலாவது மட்டும்தான் கேட்டது. அதற்குத்தான் அழுதேன்.

இரண்டாவதை விளங்கிக்கொள்ள நாட்கள் எடுத்தன. எனக்குத் தெரியாமலே பல வருடங்களாக அழுத்தம் கூடியிருந்து சிறுநீரகத்தைத் தின்றிருக்கிறது. கிரியேற்றினின் என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள், பயப்பட வேண்டாம். தசைகள் வேலை செய்வதால் இரத்தத்தில் சேரும் கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் அந்த எண் ஏறிக்கொண்டே போகும்; வாயில் இரும்பு ருசிக்கும், கால் வீங்கும், சாப்பாடு பிடிக்காது. மாதவிலக்கும் நின்றுபோகும். நான் பிள்ளை என்று நினைத்ததெல்லாம் இதுதான்.

டயலிசிஸ் என்பது இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே விடுவது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் கதிரையில் சாய்ந்திருக்க வேண்டும். முதலில் கழுத்தில் குழாய் போட்டார்கள். பிறகு இடது கையில், இரத்தக் குழாய்களான ஒரு நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்தார்கள். அதை ஃபிஸ்துலா என்பார்கள். தொட்டுப் பார்த்தால் தையல் மெஷின் மோட்டர் மாதிரி உள்ளே இரையும். அந்த இரைச்சல் இருந்தால் கை நலம். ஒவ்வொரு தரமும் இரண்டு தடித்த ஊசி குத்துவார்கள். வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வலிக்கும், பழகும்.

மருத்துவ அட்டை இருந்தபடியால் ஆஸ்பத்திரிச் செலவு எங்கள் தலையில் விழவில்லை. வீட்டில் விழுந்ததெல்லாம் மச்சாளின் தலையில்தான். உருளைக்கிழங்கை வெட்டி ஊறவைத்து, அவித்து, தண்ணீரை ஊற்றி, திரும்ப அவிக்க வேண்டும். பொட்டாசியம் போக வேண்டுமாம். அது கூடினால் இதயம் நின்றுவிடும். வாழைப்பழம் இல்லை, தக்காளி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, புளி ஒரு துளி. இதையெல்லாம் விட்டுவிட்டு மச்சாள் மாதிரி ஒரு யாழ்ப்பாணத்து மனிசி என்னத்தைச் சமைப்பது? மச்சாள் சமைத்தார். வாய்க்கு வைக்க முடியாத கறியை என் முன்னால் இருந்து தானும் சாப்பிட்டார்.

ஒருநாள் பின்னேரம் கராஜ் கதவைத் திறந்தேன். குளிரில் மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, காருக்கு இரண்டு பக்கமும் நின்று, அண்ணையும் மச்சாளும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கள்ளரைப் பிடித்த மாதிரி இரண்டு பேரும் முழித்தார்கள். எனக்குத் தாகம் எடுக்கக் கூடாதென்று மாதக்கணக்காக அங்கேதான் குடிக்கிறார்களாம். "உள்ளுக்கு வந்து குடியுங்கோ, பாத்துக்கொண்டெண்டாலும் இருக்கிறன்" என்றேன். சிரித்தோம். ஆனால் அவர்கள் உள்ளே வந்து குடிக்கவில்லை.

இவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அட்டை வாங்கி அழைப்பு எடுப்பேன். "சுகமோ?" என்பார். "ஓம், சுகம். நீங்கள்?" "ஒரு குறையும் இல்லை. தையல் எப்பிடி?" "தையல் போகுது." அங்கே பாதை திரும்பவும் பூட்டிவிட்டார்கள், ஆட்கள் காணாமல் போகத் தொடங்கிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இவர் சொல்ல மாட்டார். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. ஊரில் இருக்கிறவர்களுக்கும் சொல்லக் கூடாது. இரண்டு பக்கமும் சுகம், சுகம் என்று சொல்லி அட்டை முடிந்துபோகும். அட்டை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க மாட்டேன்.

வேலைக் காப்புறுதியில் நோய்க்குத் தருகிற காசு முடிந்ததும் மாகாணத்தின் உதவிப்பணத்துக்குப் போனேன். எங்கள் ஆட்கள் அதை வெல்பெயார் என்பார்கள், குரலைத் தாழ்த்தி. என்னைத் 'தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவர்' என்ற வகையில் போட்டார்கள். சில மாதங்களுக்கு ஒரு தரம் டொக்டர் அதைப் புதுப்பித்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

இரண்டாம் குளிர்காலம் தொடங்கும்போதுதான், மருத்துவமனையின் சமூக சேவையாளர் மதாம் ஜினெட் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நரைத்த தலை, ஆறுதலான பிரெஞ்சு, எனக்காக இடையில் கொஞ்சம் ஆங்கிலம். புதுவருடத்தில் சட்டம் மாறுகிறது என்றார். வேலை செய்யக் கடுமையான, நிரந்தரமான தடை உள்ளவர்களுக்கு இனித் தனித் திட்டம். இப்போதே அந்த வகைக்கு மாறிவிட்டால் புதிய திட்டத்துக்குள் என்னை அப்படியே கொண்டுபோய் விடுவார்கள். மாறாவிட்டால் பழைய உதவியிலேயே நிற்பேன். பிறகு மாறுவதென்றால் புதிதாகக் கேட்டுப் புதிதாகக் காத்திருக்க வேண்டும், அது எவ்வளவு காலம் இழுக்கும் என்று தனக்கே தெரியாது என்றார்.

"டொக்டர் எழுதித் தருவார். உங்களுக்கு உரிமை இருக்கிறது. காசும் கொஞ்சம் கூட. அடிக்கடி கடிதம் கொடுக்கத் தேவையில்லை."

"வேண்டாம்" என்றேன்.

ஏன் என்று கேட்டார். யோசிக்கிறேன் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

வீட்டில் அண்ணையிடம் சொன்னேன். அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"விசரே உனக்கு? நிரந்தரமெண்டு எழுதினால் பேந்து நீ ஒருநாளும் வெல்பெயாரை விட்டு வெளியில வர ஏலாது. வெல்பெயாரில இருக்கிறவை ஸ்பொன்சர் பண்ண ஏலாது. எங்கட பங்கிலயே ஒருத்தருக்கு அப்பிடித்தானே நிராகரிச்சவங்கள். அன்ரன் அங்கயே கிடக்க வேண்டியதுதான்."

"தற்காலிகமெண்டால்?"

"தற்காலிகமெண்டால் சுகமாகி வேலைக்குப் போவாய். சம்பளத் துண்டு வரும். கூப்பிடலாம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காக நான் என்னவும் செய்வேன். உதவிப்பணத்தில் எந்த வகை என்பது மற்றவர்களுக்குக் காசுக் கணக்கு. எனக்கு அது இவர் வருவாரா, வரமாட்டாரா என்பது. நிரந்தரம் என்ற சொல்லை டொக்டர் எழுதினால், நான் இவரைக் கைவிட்டதற்குச் சமம் என்று நம்பினேன். தற்காலிகம் என்ற சொல்லைச் செபமாலை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சுகமாகிவிட்டேன் என்று காட்ட, டயலிசிஸ் இல்லாத ஒரு நாளில் தொழிற்சாலைக்குப் போனேன். அரை நாள் வேலையாவது தா என்று இத்தாலிக்காரியைக் கேட்டேன். என்னுடைய மெஷினில் ஒரு ஹெயிற்றிப் பெண் இருந்தாள். அவள் எழும்பி இடம் விட்டாள். துணியின் மணம், நீராவி, ஊசியின் சத்தம், எல்லாம் பழையபடி இருந்தன. நான் இவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அங்கே இருந்தபோதுதான் தெரிந்தது. முதல் கொலர் சரியாக வந்தது. இரண்டாவது கோணியது. மூன்றாவதில் கண் இருட்டி மெஷின் மேலேயே தலை சாய்ந்தேன். இத்தாலிக்காரி என்னைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொன்னாள். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் திரும்பி வராதே என்று சொல்கிறாள் என்று விளங்கியது.

அடுத்த டயலிசிஸில் மதாம் ஜினெட் திரும்ப வந்தார். இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன, டொக்டரும் விடுமுறையில் போகப்போகிறார், முடிவு என்ன என்று கேட்டார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் போகவில்லை. சக்கரம் வைத்த சின்னக் கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து இருந்தார்.

"மதாம் ஜெசிந்தா, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நோய் உங்கள் குற்றம் இல்லை."

வெட்கமா? எனக்குக் கோபம் வந்தது. கையில் இரண்டு ஊசி, எழும்பிப் போகவும் முடியாது. அண்ணையின் வேதமெல்லாம் அந்த இடத்தில் பறந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, ஆங்கிலம், நடுவில் தமிழும் சேர்த்துக் கொட்டினேன். எனக்குப் புருசன் இருக்கிறார். அங்கே சண்டை. ஒரு மாதம் வாழ்ந்தேன். நிரந்தரம் என்று நீங்கள் எழுதினால் அவர் வர முடியாது. அவர் வராவிட்டால் இந்த இரத்தத்தைக் கழுவி எனக்கு என்ன வேலை? பக்கத்துக் கதிரைக் கிழவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மதாம் ஜினெட் தன் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "ஏன் இதை முதலே சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"புருசன் இருக்கிறாரா என்று நீங்கள் கேட்கவில்லை" என்றேன்.

அவர் எழும்பிப் போனார். இயந்திரம் முடிகிற நேரம் திரும்ப வந்தார். குடிவரவு விஷயம் தனக்குத் தெரியாதபடியால் தெரிந்த இரண்டு பேரை அழைத்துக் கேட்டதாகச் சொன்னார். அண்ணை சொன்னது பாதி சரி. சாதாரண உதவிப்பணத்தில் இருப்பவர் கணவனைக் கூப்பிட முடியாது. தற்காலிகம் என்று இருப்பவரும் முடியாது. ஆனால் கடுமையான, நிரந்தரமான தடையால் உதவி பெறுபவர் கணவனைக் கூப்பிடலாம். வயதாலும் இயலாமையாலும் உழைக்க முடியாதவர்களுக்குச் சட்டம் அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது.

நான் மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவர் சலிக்காமல் சொன்னார். நான் இவ்வளவு நாளும் வேண்டாமென்று தள்ளிக்கொண்டு நின்ற கதவுதான் திறக்கிற கதவு. பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றது சுவர்.

அண்ணை நம்பவில்லை. அவனே இரண்டு இடத்துக்கு எடுத்து, தன்னுடைய பெயரைச் சொல்லாமல் கேட்டான். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு நின்றான். "பிழையாச் சொல்லிப்போட்டனடி" என்றான். கராஜுக்குப் போனவன் வெகு நேரம் உள்ளே வரவில்லை. நான் போய்க் கதவைத் தட்டி, "வா அண்ணை, நீ சொன்னபடியால்தானே இவ்வளவு நாளும் நம்பிக்கையோட இருந்தனான்" என்றேன். அது பொய்யில்லை. எனக்கு அவனில் கோபமும் இல்லை. அவனுக்கு யார் சரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. கணவனைக் கூப்பிடும் பத்திரங்கள் இவர் கைக்கும் போகும். நான் ஏன் உழைக்கவில்லை என்று அதில் இருக்கும். அந்நியர் எழுதிய தாளில் இவர் அதைப் படிக்கக் கூடாது. டொக்டரைக் காண முதல் இவரிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, இப்படி ஒருத்தியிடம் நான் ஏன் வர வேண்டும் என்று இவர் நினைத்தால்? ஒரு மாதப் பழக்கம்தானே எங்களுடையது. அங்கே எல்லோரும் வெளிநாட்டு மாப்பிள்ளை என்று இவரைக் கேலி பண்ணுவார்களாம். நோயாளிக்குத் துணையாக வரப்போகிற மாப்பிள்ளை என்று யார் சொல்லப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை, பூசையால் வந்த சட்டையோடு இருந்து இவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சுகமோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பிறகு எல்லாம் சொன்னேன். வாந்தி, நான் நினைத்த பிள்ளை, ஸ்கான், கழுத்துக் குழாய், கையில் இரைகிற நரம்பு, நின்றுபோன தையல். நிரந்தரம் என்று எழுதப்போகிறார்கள் என்றும் சொன்னேன். வாறதும் விடுறதும் உங்கட விருப்பம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. வாங்கோ என்றுதான் வந்தது.

இவர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மாறுமா, மாறாதா என்றும் கேட்கவில்லை.

"ஊசி குத்தேக்க உம்மட பக்கத்தில ஆர் இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. அண்ணை இறக்கிவிட்டிட்டு வேலைக்குப் போயிடுவான்."

"அப்ப கெதியா எழுதச் சொல்லும்."

அடுத்த நாள் காலை டயலிசிஸின்போது டொக்டர் வந்ததும், நிரந்தரம் என்று எழுதச் சொல்லி நானே கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, விளங்கித்தான் சொல்கிறேனா என்று கேட்டார். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் என் பெயர் இருக்கிறது, ஆனால் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அப்படி முடிவு தெரியாததைத்தான் இங்கே நிரந்தரம் என்று எழுதுவோம் என்றார். எழுதுங்கோ, டொக்டர் என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னேன்.

சட்டம் மாற முதல் நான் மாறிவிட்டேன். ஸ்பொன்சர் பத்திரங்களும் கந்தோருக்குப் போய்விட்டன. இன்னும் பதில் இல்லை. அங்கே நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிறது. இப்போது இவர் அதைச் சொல்கிறார், நானும் என்னுடையதைச் சொல்கிறேன். அட்டை கெதியாக முடிந்துவிடுகிறது.

இதை டயலிசிஸ் கதிரையில் சாய்ந்திருந்து, ஊசி இல்லாத வலது கையால் எழுதுகிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் வருகிறவர்கள் இருக்க ஒரு கதிரை வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் தாதிமார் கையுறைப் பெட்டிகளை அடுக்கி வைக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. இவர் வருகிற அன்று எடுக்கச் சொல்வேன்.